பக்கத்து சீட்டில் ஆள் இல்லாமல்

லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது என்று நான் சொன்னால், ஒரு அட்டை, அதில் ஒரு தேதி, அந்தத் தேதி கடந்துவிட்டது என்றுதான் கேட்பவர்கள் புரிந்துகொள்கிறார்கள். பைலட் லைசென்ஸ் அப்படி ஒரே நாளில் போவதில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழன்றுகொண்டே வரும். என்னுடையது ஐரோப்பிய விதிகளின் கீழ் வாங்கியது. அந்த முறையில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் என்கிற தாள் ஆயுளுக்கும் செல்லும். செல்லாமல் போவது அதன்மேல் ஏற்றியிருக்கும் ரேட்டிங்குகளும் (எந்த விமானத்தை, எந்தச் சூழலில் ஓட்டலாம் என்ற தகுதிகள்), கூடவே வைத்திருக்க வேண்டிய மெடிக்கல் என்கிற மருத்துவச் சான்றிதழும்தான். முதல் வகுப்பு மெடிக்கலுக்கு அதிகபட்சம் 12 மாத ஆயுள். வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் ஒரு வருடம். நான் ஓட்டிய ஏடிஆர் 72 என்ற இரட்டை இன்ஜின் பயணி விமானத்துக்கான டைப் ரேட்டிங்கும், அதாவது அந்த மாடலை ஓட்டும் தகுதியும், ஒரு வருடம். ஒற்றை இன்ஜின் சிறு விமானங்களுக்கானது இரண்டு வருடம். அமெரிக்காவில் சான்றிதழுக்குக் காலாவதித் தேதியே கிடையாது. ஆனால் அங்கேயும் 24 மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்ட்ரக்டரோடு ஃபிளைட் ரிவ்யூ முடிக்காவிட்டால், பொறுப்பு பைலட்டாக விமானத்தை எடுக்க முடியாது. ஆக எந்த முறையானாலும் தாள் பத்திரமாக அலமாரியில் இருக்கும், பறக்க மட்டும் முடியாது.

2020-ல் விமானங்களெல்லாம் தரையில் நின்றபோது வேலை போன ஆயிரக்கணக்கான பைலட்டுகளில் நானும் ஒருத்தி. அப்போது நான் ஃபர்ஸ்ட் ஆஃபீசர், அதாவது துணை பைலட், வலது சீட்டுக்காரி. சிறு விமான ரேட்டிங் அதற்கு முன்பே போய்விட்டது. ஏர்லைனில் இருந்த எங்களில் பலருக்கு அது தேவைப்படவில்லை, யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் மெடிக்கல், பிறகு டைப் ரேட்டிங், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்று வரிசையாகப் போயின. சரக்குப் போக்குவரத்து மென்பொருள் எழுதும் ஓர் இடத்தில் வேலை கிடைத்தது. வேலை பிடித்துப்போனது. இதில் சோகக் கதை எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் பின்னால்தான் உறைத்தது. வேலையில் இருந்த காலத்தில் என் தகுதியைக் காப்பாற்றி வைத்திருந்தது நான் இல்லை, கம்பெனி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் சோதனை ரோஸ்டரில் தானாக வந்து விழும். மெடிக்கல் முடியப்போகிறது என்று மெயில் வரும். மேனுவல் மாறினால் டேப்லெட் தானே புதுப்பித்துக்கொள்ளும். நான் போய் நின்றால் போதும். அந்த வலையை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கிறது என்பது எனக்கே தெரியாது. சமீபத்தில் திரும்பவும் பறக்கக் கிளம்பியபோது, பறப்பதைவிட இதைத்தான் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏன் திரும்பினேன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் சொல்ல வராது. பறக்கப் பிடிக்கும். ஏர்லைனுக்கு மறுபடி போகும் எண்ணம் இல்லை. செஸ்னா மாதிரி ஒரு சின்ன விமானம், பகல் வெளிச்சம், நல்ல வானிலை, அவ்வளவு போதும். "ஏடிஆர் ஓட்டினவளுக்கு செஸ்னா எல்லாம் ஒரு விஷயமா" என்று பழைய சகாக்கள் சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதல் வேலை மெடிக்கல். தனியார் பைலட்டின் உரிமைகளை மட்டும் பயன்படுத்தப்போகிறேன் என்றால் முதல் வகுப்பு வேண்டாம், இரண்டாம் வகுப்பு போதும். கமர்ஷியல் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பலருக்கு இது தோன்றுவதே இல்லை. முதல் வகுப்பு கிடைக்காது, அதனால் பறப்பதே முடிந்தது என்று பத்து வருடம் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பு 40 வயதுவரை 60 மாதம் செல்லும், அதன்பிறகு 24 மாதம், 50 தாண்டினால் 12 மாதம். நான் நடுவில் இருப்பவள்.

இதயம், ரத்த அழுத்தம், காது எல்லாம் சரியாக இருந்தன. கண்ணில்தான் வயது தெரிந்தது. தூரப் பார்வை நன்றாக இருந்தது. கிட்டப் பார்வைக்கு என்5 என்கிற பொடி எழுத்து அட்டையை 30 முதல் 50 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து வாசிக்கச் சொல்வார்கள். அப்புறம் என்14, அது ஒரு மீட்டர் தூரத்தில். இந்த எண்கள் சும்மா வந்தவை அல்ல. முதலாவது மடியில் வைத்திருக்கும் வரைபடத்தின் தூரம், இரண்டாவது கருவிப் பலகையின் தூரம். இரண்டாவதை வாசித்துவிட்டேன். முதலாவதில் எழுத்துகள் பஞ்சு பஞ்சாக நின்றன. டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. மேல் பாதி வெறும் கண்ணாடி, கீழ்ப் பாதியில் பவர் உள்ள ஒரு கண்ணாடி, அதேபோல இன்னொன்று பையில் உதிரியாக. அந்த உதிரிக் கண்ணாடி விருப்பம் அல்ல, சான்றிதழில் நிபந்தனையாகவே அச்சாகி வரும்.

அடுத்து படிப்பு. சில வருடம் விலகி இருந்ததில் என்ன மாறியிருக்கப்போகிறது என்று நினைத்தால், சில்லறை சில்லறையாக நிறைய மாறியிருந்தது. ஓடுபாதை ஈரமா, பனியா என்று அறிவிக்கும் முறை 2021 நவம்பரில் உலகம் முழுக்க மாறிவிட்டது. இப்போது 0 முதல் 6 வரை ஓர் எண் சொல்கிறார்கள். 6 என்றால் காய்ந்த பாதை, 0 என்றால் கால் வைக்காதே. ஓடுபாதைக்கு இறங்கி வரும் வழியைக் காட்டும், ஆர்நேவ் என்று தலைப்பு போட்டிருந்த அணுகு வரைபடங்கள் பல நாடுகளில் ஆர்என்பி என்று ஆகியிருந்தன. ஜிபிஎஸ்ஸை நம்பு, ஆனால் முழுக்க நம்பாதே என்பது முன்பு வெறும் பாடம். இப்போது சில வான்பகுதிகளில் சிக்னலைக் குலைப்பதும் போலி சிக்னல் அனுப்புவதும் அன்றாட எச்சரிக்கையாகிவிட்டது. இதையெல்லாம் படிப்பதில் கஷ்டம் இல்லை. என்ன மாறியது என்று பட்டியல் போட்டு யாரும் கையில் தருவதில்லை என்பதுதான் கஷ்டம். விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, விமானத்துக்கு வருவோம். ரேட்டிங் போய்விட்டால் இத்தனை மணி நேரம் பறந்தே ஆக வேண்டும் என்று விதி ஒரே எண்ணைச் சொல்வதில்லை. பயிற்சிப் பள்ளியோ இன்ஸ்ட்ரக்டரோ உங்களை எடைபோட்டு, எவ்வளவு பயிற்சி தேவை என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு எக்ஸாமினரோடு ஒரு தகுதிச் சோதனை. எனக்கு வாய்த்த இன்ஸ்ட்ரக்டர் என்னைவிட ரொம்பச் சின்னவர். என் லாக்புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், இதில் நீங்கள் தனியாக ஓட்டியது எவ்வளவு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆயிரக்கணக்கான மணி நேரத்தில் அது ஆரம்பப் பக்கங்களில் மட்டும்தான் இருந்தது.

கையில் ஆரம்பித்தது சிக்கல். வலது சீட்டில் இருந்தவரை என் வலது கை யோக்கை, அதாவது விமானத்தைத் திருப்பவும் தூக்கவும் உதவும் கைப்பிடியை, பிடிக்கும், இடது கை பவர் லீவரில் இருக்கும். செஸ்னாவில் இடது சீட். இப்போது யோக் இடது கைக்கு, இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் வலது கைக்கு. தலைக்கு இது தெரியும், கைக்குத் தெரிய நாளாகும். கொஞ்சம் மேலே தூக்க வேண்டும் என்று நினைத்தால் வலது கை முந்திக்கொண்டு த்ராட்டிலை இழுக்கப் பார்க்கும். உயரத்தில் இருக்கும்போது இது வேடிக்கை. ஓடுபாதைக்கு மேல் வரும்போது வேடிக்கை இல்லை.

அப்புறம் வாய். ஏர்லைன் காக்பிட்டில் ஓட்டுபவர் சொல்வார், மற்றவர் செய்வார். ஃபிளாப் (மெதுவாகப் பறப்பதற்காக இறக்கையின் பின்பக்கம் இறக்கும் தகடு) வேண்டும் என்றால் நான் எட்டிப்போட மாட்டேன். எண்ணைச் சொல்வேன், பக்கத்திலிருந்து ஒரு கை வந்து லீவரை நகர்த்தும், அந்தக் குரல் எண்ணைத் திரும்பச் சொல்லும். செஸ்னாவில் முதல் சுற்றில், ஓடுபாதைக்கு இணையாக வந்துகொண்டிருக்கும்போது, "ஃபிளாப் பத்து" என்று கணீரென்று சொல்லிவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் நடக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் இன்ஸ்ட்ரக்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அந்தக் கை வராது மேடம். நீங்களே போடுங்கள்."

தரையிறக்கத்தில் இன்னொன்று. பெரிய விமானத்திலிருந்து வருபவர்கள் சின்ன விமானத்தில் மூக்கைச் சீக்கிரம் தூக்கிவிடுவார்கள் என்பது பயிற்சிப் பள்ளிகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காரணம் எளிது. ஏடிஆரில் சக்கரம் தரையைத் தொடும்போது பைலட்டின் கண் தரையிலிருந்து இன்னும் நல்ல உயரத்தில் இருக்கும். பல வருடம் அந்தக் காட்சிதான் 'தரை வந்துவிட்டது' என்று மனதில் பதிந்திருக்கிறது. செஸ்னாவில் அதே காட்சி தெரியும்போது சக்கரத்துக்குக் கீழே நிறையக் காற்று மிச்சம் இருக்கும். போதாததற்கு அங்கே உயரத்தை எண்ணிச் சொல்லும் கணினிக் குரலும் உண்டு. இங்கே எண்ண யாரும் இல்லை. ஓடுபாதையின் அந்தக் கடைசி முனையைப் பார், கீழே பார்க்காதே, பாதை இரண்டு பக்கமும் அகலமாக எழும்பி வருவது போலத் தோன்றும்வரை காத்திரு என்று சொல்லிக்கொடுத்தார். அது பிடிபட்டதும் லேண்டிங் வந்துவிட்டது.

உண்மையில் கை சம்பந்தப்பட்ட எல்லாமே நான் பயந்ததைவிட வேகமாகத் திரும்பி வந்தன. இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. நாசாவைச் சேர்ந்த ஸ்டீபன் காஸ்னரும் சகாக்களும் 16 ஏர்லைன் பைலட்டுகளை 747-400 சிமுலேட்டரில் உட்காரவைத்து, தானியங்கிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2014-ல் வந்த ஆய்வு அது. விமானத்தைக் கையால் ஓட்டுவதும் கருவிகளைக் கண்ணால் மேய்வதும் பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை. சறுக்கியது வேறு இடத்தில். வரைபடத் திரை இல்லாமல் நாம் எங்கே இருக்கிறோம் என்று மனதில் வைத்துக்கொள்வது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது, ஒரு கருவி பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது, இவற்றில்தான் தடுமாறினார்கள். எனக்கும் அப்படியே. உயரம் மாறாமல் திரும்பும் லெவல் டர்ன், இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால், எல்லாம் சரி. "இப்போது இன்ஜின் நின்றுவிட்டது" என்று த்ராட்டிலை இழுத்துவிட்டு இன்ஸ்ட்ரக்டர் வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தால், இன்ஜின் இல்லாமல் மிதந்து போவதற்கான 68 நாட் (மணிக்கு 68 நாட்டிக்கல் மைல்) வேகத்தைக் கை தானாகப் பிடித்துவிடும். 1,000 அடி இறங்குவதற்குள் ஒன்றரை நாட்டிக்கல் மைல் மிதக்கும் என்பதும் நினைவில் இருக்கும். ஆனால் எந்த வயல், காற்று எந்தப் பக்கம், ரேடியோவில் எப்போது சொல்வது என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் தலையில் சுமக்கும்போது நான் விமானத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். பழைய வேலையில் இந்தச் சுமையில் பாதி எப்போதும் இன்னொருவர் தலையில் இருந்தது.

தரையிலும் அதே கதைதான். எரிபொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஆரில் எத்தனை கிலோ வேண்டும் என்று முடிவு செய்வோம். லாரி வரும், நிரப்பும், சீட்டு வரும், எண்ணைச் சரிபார்ப்பேன். ஜெட் எரிபொருளின் நிறத்தை நான் வேலைக் காலத்தில் பார்த்ததே அபூர்வம். இப்போது காலையில் முதல் காரியம், கையில் ஒரு பிளாஸ்டிக் குவளையோடு இறக்கைக்குக் கீழே குனிவது. செஸ்னா 172எஸ் மாடலில் ஒவ்வோர் இறக்கைக்கும் கீழே ஐந்து, இன்ஜின் பக்கம் அடியில் மூன்று என மொத்தம் 13 இடங்களில் எரிபொருளைக் கொஞ்சம் வடித்துப் பார்க்க வேண்டும். இந்தச் சின்ன விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோலுக்கு நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். தண்ணீர் கனம், அதனால் அடியில் தங்கும், நீலத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு கோடு தெரியும். இதுவரை எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருப்பது. இன்ஸ்ட்ரக்டர் காட்டியது இதற்கு அடுத்தது: குவளை முழுக்கத் தண்ணீரே வந்துவிட்டால் கோடே இருக்காது. வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தால் வெறும் தண்ணீரும் வானத்தின் நீலத்தை வாங்கிக்கொண்டு பெட்ரோல் போலவே நிற்கும். அதனால் விமானத்தின் வெள்ளை உடம்புக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். கூடவே மோந்தும் பார்க்க வேண்டும். தவறி ஜெட் எரிபொருள் கலந்திருந்தால் நீலம் வெளிறியிருக்கும், விரலில் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும். பிஸ்டன் இன்ஜினுக்கு அது விஷம். அப்புறம் இறக்கைமேல் ஏறி டேங்கில் அளவுகோல் விட்டு அளக்க வேண்டும். கேஜ் என்ன சொல்கிறது என்பது இரண்டாவது கருத்து மட்டுமே.

எடைக் கணக்கும் நம் தலையில். நாலு சீட் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் நாலு பேர் ஏறலாம் என்று நினைக்கிறார்கள். சுமார் 200 லிட்டர் நிரப்பிவிட்டால் நாலு பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது, சீட் இருந்தாலும். ஆட்களைக் குறைப்பதா, பெட்ரோலைக் குறைப்பதா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது நாம்தான். நண்பர்களிடம் அவரவர் எடையைக் கேட்பது அதில் வரும் தனிச் சங்கடம். பயணிகளை ஏற்றுவதற்கு முன் கடைசி 90 நாளில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் முடித்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதைக் கணக்கில் வைத்திருப்பதும் நாம்தான்.

தகுதிச் சோதனையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நடந்தது, முடிந்தது, எக்ஸாமினர் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் கையெழுத்து வந்த பிறகு ஆரம்பித்ததுதான் நிஜமான பாடம். போகலாமா, வேண்டாமா? கம்பெனியில் இந்தக் கேள்வியின் பெரும்பகுதிக்கு மேனுவல் பதில் சொல்லிவிடும். பக்கக் காற்றுக்கு இத்தனை நாட், ஃபர்ஸ்ட் ஆஃபீசர் ஓட்டினால் அதைவிடக் குறைவு. பார்வைத் தூரம் இத்தனை மீட்டர். எண்ணுக்கு உள்ளே இருந்தால் போவோம், வெளியே இருந்தால் போக மாட்டோம், நடுவில் தகராறு வந்தால் கேப்டன் இருக்கிறார். செஸ்னாவின் கையேட்டில் பக்கக் காற்றுக்கு 15 நாட் என்று போட்டிருக்கிறது. அது தொழிற்சாலையின் சோதனை பைலட் செய்து காட்டிய அளவு, நான் செய்யலாம் என்பதற்கான அனுமதி இல்லை. தொழில்முறை பைலட்டாக இருந்தவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது என்று நினைக்கிறேன். புதிதாகக் கற்றவருக்குப் பயம் இருக்கும், அது அவரைக் காக்கும். நமக்குப் பழைய மணிக்கணக்கு இருக்கிறது, அது தைரியம் கொடுக்கிறது. ஆனால் அந்த மணிக்கணக்கு இரண்டு பேர், இரண்டு இன்ஜின், பயணத்தைத் திட்டமிட்டுத் தரும் ஒரு டிஸ்பாட்ச் அலுவலகம், ஒரு பராமரிப்புக் குழு எல்லாம் சேர்ந்து சம்பாதித்தது. அதில் என் பங்கு எவ்வளவு என்று நேர்மையாகப் பிரித்துப் பார்த்தால் எண் நன்றாகவே சுருங்குகிறது.

அதனால் எனக்கென்று ஒரு தாள் எழுதினேன். பக்கக் காற்று 10 நாட், அதுவும் திடீரென்று எழும் வீச்சையும் சேர்த்து. மேக அடிப்பகுதி 2,000 அடிக்குக் கீழே வேண்டாம். ஒரு மணி நேர எரிபொருள் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். இவை எனக்கான எண்கள், வேறு யாருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு விதி மட்டும் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன்: தாளை வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள், விமானத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு திருத்தாதீர்கள்.

சமீபத்தில் அதைப் பயன்படுத்த வேண்டி வந்தது. ஓடுபாதை 27, அதாவது 270 டிகிரி திசை. காற்று 240 டிகிரியிலிருந்து 18 நாட், வீச்சு 28. முப்பது டிகிரி கோணத்துக்கு பாதி என்பது பழைய மனக்கணக்கு. ஆக நிலையான காற்றில் 9, வீச்சில் 14. கையேட்டுக்கு உள்ளே, என் தாளுக்கு வெளியே. கூட வருவதாக இருந்த தோழி தெர்மாஸோடு வந்து நின்றாள். வானம் படம் எடுக்கிற மாதிரி இருந்தது. பழைய வேலையில் இந்தக் காற்றை யாரும் பேச்சுக்குக்கூட எடுத்திருக்க மாட்டார்கள். "இன்றைக்கு இல்லை" என்று சொன்னேன். "இவ்வளவு நல்ல வெயிலா இருக்கே" என்றாள். காற்று கண்ணுக்குத் தெரியாது என்பதை விளக்கிக்கொண்டே இரண்டு பேரும் அந்தத் தெர்மாஸைக் காலி செய்தோம். அதன்பிறகு புறப்பட்ட இரண்டு விமானங்கள் அழகாகப் போய் அழகாகத் திரும்பி வந்தன. எரிச்சலாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

இப்போது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேலைக்காக அல்ல. மேகம் தாழ்ந்து கிடப்பதால் ரத்து செய்யும் நாட்கள்தான் அதிகம் என்பதால். அது காலாவதியாகி ஏழு வருடம் தாண்டிவிட்டால் தியரித் தேர்வு, பறப்புச் சோதனை இரண்டையும் மறுபடி முடிக்க வேண்டும், அந்தக் கெடு வெகு தூரத்தில் இல்லை. மாலையில் கணினி சிமுலேட்டரில் ஹோல்டிங், அதாவது முறை வரும்வரை வானத்தில் சுற்றிக் காத்திருப்பது, போட்டுப் பார்க்கிறேன். அந்தச் சுற்றுக்குள் நுழையும் முறைகளில் டைரக்ட் நுழைவும் டியர்டிராப் நுழைவும் வந்துவிட்டன. பேரலல் நுழைவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று இன்னும் பென்சிலால் வரைந்து பார்த்துத்தான் சொல்ல முடிகிறது.